செடி கடைசியில் வரட்டும்: மறதி நோய் உள்ளவர்களும் சேர்ந்து வேலை செய்யும் தெருத்தோட்டத்துக்கு முழுமையான வழிகாட்டி

சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம் எங்கள் தெருவில் ஒரு காலி மனையில் தோட்டம் போட்டிருக்கிறோம். வாரத்தில் இரண்டு நாள் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அவர்களில் நான்கு பேருக்கு டிமென்ஷியா, அதாவது மறதி நோய். என் மாமியாரும் கடைசி வரை அந்தத் தோட்டத்துக்கு வந்தவர்தான்.

இதைப் பார்த்துவிட்டு அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, சூரமங்கலம் என்று பல பக்கமிருந்தும் வந்து விசாரித்தார்கள். சிலர் ஆரம்பித்தும் விட்டார்கள். முதல் நாளே நர்சரிக்குப் போய் ஐம்பது செடி வாங்கி வந்தவர்களின் தோட்டத்தில் மூன்றாவது மாதம் யாரும் இல்லை. செடி நன்றாகத்தான் இருந்தது. பெரியவர்களுக்கு உட்கார நிழல் இல்லை, அவசரத்துக்குக் கழிப்பறை இல்லை, கூட்டி வந்த மகளுக்கோ மருமகளுக்கோ ஒரு நாற்காலிகூட இல்லை. அதனால் இங்கே வரிசைதான் முக்கியம். ஆட்கள், இடம், பாதை, நிழல், பாத்தி, மண், அப்புறம்தான் செடி.

தோட்டம் மறதி நோயைக் குணப்படுத்தாது. அந்த நம்பிக்கையை யாருக்கும் கொடுக்காதீர்கள். காலை வெளிச்சம் உடம்பில் பட்டால் ராத்திரித் தூக்கம் கொஞ்சம் சீராகும். கைக்கு வேலை இருக்கும்போது பதற்றம் தணியும். நான்கு சுவருக்குள் அடைந்து கிடக்கும் குடும்பம் வெளியே வரும். இவ்வளவுதான் எதிர்பார்க்க வேண்டும், இதுவே பெரிய விஷயம்.

1. முதலில் ஆட்களைச் சேருங்கள்

மறதி நோய் உள்ளவர்கள் இருக்கும் வீடு நான்கு, வேறு வீடுகள் ஆறு. இது போதும். மறதி நோய் உள்ள ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும் என்பதால், அதற்கு மேல் சேர்த்தால் முதல் வருடத்தில் சமாளிக்க முடியாது.

மற்ற ஆறு வீடுகள் எதற்கு என்று கேட்பார்கள். ஓய்வு பெற்றவர்கள், வீட்டிலிருக்கும் பெண்கள், விடுமுறையில் வரும் பிள்ளைகள் கலந்து இருந்தால்தான் அது தெருத்தோட்டம். இல்லாவிட்டால் வார்டு மாதிரி ஆகிவிடும். "மறதி நோயாளிகள் தோட்டம்" என்று பலகை வைக்காதீர்கள். அப்படி வைத்த இடத்தில், அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடுமே என்று பயந்தே இரண்டு குடும்பங்கள் வரவில்லை. தெருவின் பெயரை வையுங்கள்.

வீடு வீடாகப் போய்ப் பேசும்போது, "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று பரிசோதனையே செய்யாத வீடுகள் நிறைய இருக்கும். முதலில் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். தைராய்டு கோளாறு, பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும், அவற்றுக்கு மருந்து உண்டு. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டலாம். எங்கே போவது என்று தெரியாதவர்கள் 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை எழுதுங்கள். என்ன மருந்து சாப்பிடுகிறார், சர்க்கரை உண்டா, கீழே விழுந்திருக்கிறாரா, விழுங்கச் சிரமமா, அவசரத்துக்கு யாருடைய எண். கூடவே அந்த மருந்துகளோடு வெயிலில் இருக்கலாமா என்று மருத்துவரிடம் கேட்டு எழுதச் சொல்லுங்கள். சில மருந்துகள் வியர்வையைக் குறைக்கும், சில உடம்பில் நீரைக் குறைக்கும். நம் ஊர் வெயிலுக்கு அது ஆபத்து. மண்ணில் கை வைக்கிறவர்கள் எல்லோரும் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அட்டையின் பின்பக்கம் இரண்டு கேள்விகள். என்ன தொழில் செய்தார்? அவரை எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார்?

இந்த இரண்டும் அந்த மருந்துப் பட்டியல் அளவுக்கு முக்கியம். எங்களிடம் வந்த ஒரு பெரியவர் "தாத்தா" என்றால் அசையவே மாட்டார். முப்பது வருடம் வாத்தியார் வேலை பார்த்தவர். "சார், வாங்க சார்" என்றதும் எழுந்துவிட்டார். சேலத்தின் குகைப் பகுதியில் தறி ஓட்டிய ஒருவருக்குத் தேதி, கிழமை எதுவும் தெரியாது. ஆனால் அறுந்த இழையை முடிந்த விரல்கள் அல்லவா, அவரைக்கொடியைப் பந்தலில் கட்டும் வேலையை அவர் போல எங்களில் யாரும் செய்ததில்லை. செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வேலை பார்த்த இன்னொருவர் பொடி விதையை ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் வைப்பார். பேர் மறந்த பிறகும் கை மறப்பதில்லை. அந்தக் கைக்கு ஏற்ற வேலையைத் தேடத்தான் இந்த அட்டை.

2. இடம்: மண்ணைப் பார்க்குமுன் கழிப்பறையைப் பாருங்கள்

இரண்டு மூன்று சென்ட் இருந்தால் போதும். தெருவிலேயே, நடந்து வரும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆட்டோவில் ஏற்றி இறக்க வேண்டிய இடம் என்றால் குடும்பங்கள் இரண்டு வாரத்தில் ஓய்ந்துவிடும்.

கழிப்பறை ஐம்பது அடி நடையில், கதவு கண்ணில் படும்படி இருக்க வேண்டும். புதிதாகக் கட்ட முடியாது என்றால் பக்கத்து வீட்டாரிடம் பேசி வெளிக் கழிப்பறையைத் தோட்டம் கூடும் ஒன்றரை மணி நேரத்துக்குக் கேளுங்கள். அவசரம் வந்ததை மறதி நோய் உள்ளவரால் பல சமயம் சொல்ல முடியாது. வெறுமனே எழுந்து நடக்க ஆரம்பிப்பார். எங்கேயோ ஓடப் பார்க்கிறார் என்று பிடித்து உட்கார வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு.

மனைப்பிரிவில் பூங்காவுக்கு என்று ஒதுக்கிய இடம் பல தெருக்களில் முள் மண்டிக் கிடக்கும். அது உள்ளாட்சியின் சொத்து. அதனால் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கல்லும் வைக்காதீர்கள். மாநகராட்சி எல்லைக்குள் என்றால் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி ஆகிய நான்கு மண்டல அலுவலகங்களில் உங்களுடையது எதுவோ அங்கே மனு கொடுக்க வேண்டும். கன்னங்குறிச்சி போலப் பேரூராட்சி என்றால் செயல் அலுவலரிடம். மனுவில் பத்து வீட்டுக் கையெழுத்து, கையால் போட்ட ஒரு வரைபடம், தண்ணீருக்கு என்ன ஏற்பாடு என்று இரண்டு வரி இருக்கட்டும். மனுவின் நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியார் மனை என்றால் உரிமையாளரிடம் குறைந்தது மூன்று வருடத்துக்கு எழுதி வாங்குங்கள். நாங்கள் முதலில் போட்ட இடத்தை எட்டாவது மாதம் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். புது இடத்துக்குப் பழகாமல் இரண்டு பேர் வருவதையே நிறுத்திக்கொண்டார்கள். இடம் மாறுவது நமக்கு அலைச்சல், அவர்களுக்கு அது வேறு ஊர்.

3. பாதையும் வாசலும்

பாதை ஒரு சுற்றாக இருக்க வேண்டும். வாசலில் தொடங்கி, தோட்டத்தைச் சுற்றி, மறுபடி உட்காரும் இடத்துக்கே வந்து சேர வேண்டும். முட்டுச்சந்து கூடாது. பாதை முடிந்த இடத்தில் நின்றுகொண்டு, திரும்ப வேண்டும் என்று தோன்றாமல் கலங்கிப்போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அகலம் நான்கு அடி. கையைப் பிடித்துக்கொண்டு இருவர் சேர்ந்து நடக்க அவ்வளவு வேண்டும். சக்கர நாற்காலிக்கும் சரியாக இருக்கும். சரிவு கூடிய மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தே தீரும் என்றால் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது விட்டு, கைப்பிடி வையுங்கள்.

தரை ஒரே நிறமாக இருக்கட்டும். இது அலங்காரத்துக்காகச் சொல்வதில்லை. இந்த நோயில் கண் பார்ப்பதை மூளை சரியாகப் புரிந்துகொள்ளாது. கறுப்பாக ஒரு மிதியடி கிடந்தால் அது பள்ளமாகத் தெரியும். பளபளப்பான ஓடு தண்ணீராகத் தெரியும். சிவப்பும் சாம்பலும் மாற்றி மாற்றிப் பதித்த பேவர் கல் படிக்கட்டாகத் தெரிந்து, ஓர் அம்மா ஒவ்வொரு கல்லுக்கும் காலைத் தூக்கித் தூக்கி வைத்தார். மட்டமாக இடித்துக் கெட்டித்த செம்மண் அல்லது சொரசொரப்பான சிமென்ட் தரை போதும். இரண்டு ஓரத்திலும் செங்கல் வைத்து வெள்ளையடித்துவிட்டால் பாதை எது, பாத்தி எது என்று பளிச்சென்று தெரியும்.

தண்ணீர்க் குழாயை வேலை முடிந்ததும் சுருட்டிக் கண்ணில் படாத இடத்தில் வையுங்கள். தடுக்கி விழுவது ஒரு பக்கம். பச்சைக் குழாய் பாதையில் நெளிந்து கிடந்ததைப் பாம்பு என்று நினைத்து ஒருவர் பின்னால் சாய்ந்து விழுந்தார்.

வேலி இடுப்புக்கு மேல் உயரமாக, வெளியே தெரு தெரியும்படி இருக்கட்டும். சுவர் எழுப்பினால் அடைத்து வைத்த மாதிரி ஆகிவிடும். கேட்டுக்கு வேலியின் நிறத்தையே அடியுங்கள். தனியாகத் தெரியும் கதவு, திறந்து போகத் தூண்டும். தாழ்ப்பாள் இருக்கலாம், பூட்டு வேண்டாம். அவசரத்தில் சாவி தேட முடியாது. ஒருவர் கேட்டுக்குப் பக்கத்திலேயே வேலை செய்ய வேண்டும், அதை முறை வைத்துச் செய்யுங்கள். வருகிறவர்களின் சட்டைப் பையிலோ முந்தானையிலோ வீட்டு எண் எழுதிய சீட்டு இருக்க வேண்டும்.

4. நிழல், நாற்காலி, குடிதண்ணீர்

சேலத்தில் நிழல் இல்லாத தோட்டம் பெரியவர்களுக்கு ஆகாது. தென்னங்கீற்றுப் பந்தல் நல்லது. பச்சை நிழல் வலையும் சரி. மூங்கிலைக் கோடு கோடாக இடைவெளி விட்டுப் போடுவதைத் தவிர்த்துவிடுங்கள். அதன் நிழல் தரையில் கம்பி கம்பியாக விழும், தாண்ட வேண்டுமோ என்று நின்றுவிடுவார்கள்.

நாற்காலிக்குக் கை இருக்க வேண்டும், உயரம் ஒன்றரை அடி. கையை ஊன்றித்தான் எழ முடியும். கயிற்றுக் கட்டிலில் உட்கார ஆசைப்படுவார்கள், எழுப்ப இரண்டு பேர் வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் நாற்காலி மண் தரையில் கால் புதைந்து சாயும். பத்துப் பேருக்குப் பதினைந்து நாற்காலி போடுங்கள். மீதி ஐந்து, கூட்டி வருகிறவர்களுக்கு. அவர்களுக்கு ஒரு டம்ளர் டீயும் கொடுங்கள். வாரம் முழுக்க ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் மருமகள் அந்த அரை மணி நேரம் யாரோடாவது பேச முடிந்தால், அடுத்த வாரமும் அவரை அழைத்து வருவார்.

5. பாத்தி: சிமென்ட் உறையே போதும்

தரைப் பாத்தி வேண்டாம். குனிந்தால் தலை சுற்றும், உட்கார்ந்தால் எழ முடியாது. மரப்பலகையில் உயரப் பாத்தி கட்டினோம், ஒரே வருடத்தில் கரையான் தின்றுவிட்டது. அப்புறம்தான் கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் இறக்குகிற சிமென்ட் உறை ஞாபகம் வந்தது.

மூன்றடி விட்டம், ஓர் அடி உயர உறைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டடி உயரம், நாற்காலியில் உட்கார்ந்தபடி கை வைக்கச் சரியாக இருக்கும். எந்தப் பக்கமிருந்தும் நடு வரை ஒன்றரை அடிதான், எட்டிவிடும். வட்டமாக இருப்பதால் எதிரெதிரே இருவர் முகம் பார்த்து உட்காரலாம். நாங்கள் முதலில் மூன்று உறை அடுக்கிவிட்டு, குள்ளமான ஆயாக்களுக்கு எட்டாமல் ஒன்றை இறக்கினோம். நான்கு மேடை இருந்தால் ஆரம்பத்துக்குப் போதும். மேடைக்கும் மேடைக்கும் நடுவே நான்கடி விடுங்கள்.

மூன்று விஷயம் செய்யாமல் மண் போடாதீர்கள். வைக்கும் தரையை மட்டம் பார்த்து இடித்துக் கெட்டியுங்கள், மண் நனைந்தால் கனம் கூடி ஒரு பக்கம் சாயும். புது உறையைச் சில நாள் தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள், புது சிமென்ட்டின் காரம் வேருக்கு ஆகாது. விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், பழைய தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் கிழித்து விளிம்பு முழுக்கச் செருகுங்கள். வயதானவர்களின் தோல் காகிதம் போல. லேசாக உரசினாலும் கிழிந்துவிடும், சர்க்கரை உள்ளவர்களுக்குப் புண் ஆறாது.

சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு உறைக்குள் முழங்கால் நுழையாது. பக்கவாட்டில் நிறுத்தினால் ஒரு கையால்தான் வேலை செய்ய முடியும். அவருக்கு ஒரு பழைய இரும்பு மேஜையில் ஆழமான தட்டோ, வளர்ப்புப் பையோ வைத்துக் கொடுங்கள். கால் உள்ளே போக மேஜைக்கு அடியில் இரண்டேகால் அடியாவது இருக்க வேண்டும்.

6. மண்ணும் தண்ணீரும்

கீழ் உறையைத் தேங்காய் மட்டையால் நிரப்புங்கள், நார்ப்பக்கம் மேலே பார்க்கட்டும். ஈரத்தைப் பிடித்து வைக்கும், மண் செலவும் பாதியாகும். மட்டை மக்க மக்க மண் இறங்கும், வருடம் ஒருமுறை மேலே சேர்க்க வேண்டும்.

மேல் உறைக்குச் செம்மண் ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு, தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. ஒரு மேடைக்குக் கிட்டத்தட்ட 190 லிட்டர் கலவை பிடிக்கும். நார்க் கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு மறுபடி ஒருமுறை கழுவுங்கள். அதில் உப்பு இருக்கும். கழுவாமல் போட்டுவிட்டு, கீரை ஏன் மஞ்சளாகிறது என்று கேட்டு வந்தவர்கள் பலர். உரம், குப்பையை மக்க வைக்கும் மாநகராட்சியின் நுண் உரக் கூடத்திலிருந்து கிடைத்தால் சல்லடையில் சலித்துப் போடுங்கள், கண்ணாடித் துண்டு வரும். மண்ணில் சந்தேகம் இருந்தால் சந்தியூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பு. மண் மேல் வெள்ளையாகப் பூத்தால் அதுதான் காரணம். மழைநீரோ மேட்டூர்த் தண்ணீரோ வாரம் ஒருமுறையாவது விட்டு அலசுங்கள். தொட்டி, டப்பா எதிலும் தண்ணீர் தேங்க விடாதீர்கள், டெங்கு கொசு சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும். வாரம் ஒரு நாள் எல்லாவற்றையும் கவிழ்த்துக் காய விடுங்கள்.

தண்ணீர் ஊற்ற நீள மூக்குள்ள பூவாளி வாங்கினோம். அதை என்ன செய்வதென்று பலருக்குத் தெரியவில்லை. எவர்சில்வர் சொம்பைக் கையில் கொடுத்ததும் ஊற்ற ஆரம்பித்துவிட்டார்கள். எல்லாக் கருவிக்கும் இதே கணக்குதான். சொம்பு, முறம், களைக்கொத்து, கூடை. ஐம்பது வருடம் பிடித்த பொருள் என்றால் சொல்லித் தர வேண்டியதில்லை. கத்தி, அரிவாள், கத்தரிக்கோல் மட்டும் உங்கள் பொறுப்பில் இருக்கட்டும்.

7. வைக்கக் கூடாத செடிகளை முதலில் எடுத்துவிடுங்கள்

நோய் முற்றும்போது கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் பழக்கம் வரலாம். அதனால் செடி வாங்குவதற்கு முன், இருக்கும் செடிகளைச் சோதியுங்கள்.

அரளி, பொன்னரளி, ஊமத்தை, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, செங்காந்தள், உண்ணிச்செடி, அழகுக்காக வைக்கும் டீஃபன்பேக்கியா. இவை ஒன்றும் வேலிக்குள் இருக்கக் கூடாது. எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, அதையும் எடுங்கள். சாமிக்குப் பூ வேண்டும் என்று அரளியை விடச் சொல்வார்கள். பூவிலிருந்து வேர் வரை விஷம், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். மிளகாயும் வேண்டாம், பறித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். முள்ளுள்ள ரோஜா, எலுமிச்சை வேலிக்கு வெளியே இருக்கட்டும்.

பூச்சிமருந்து, ரசாயன உரம் இரண்டும் தோட்டத்துக்குள் நுழையக் கூடாது. வேப்பெண்ணெய்க் கரைசலோ பஞ்சகவ்யமோ தெளிப்பதாக இருந்தால் ஆட்கள் வராத நாளில் தெளியுங்கள். எந்தக் கரைசலையும் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

8. இப்போது செடி

விரலுக்கு வேலை தருவதா, சீக்கிரம் பலன் தருவதா, தெரிந்த பொருளா? இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

வெந்தயத்தை முதலில் விதையுங்கள். ஒரு ராத்திரி ஊறவைத்துத் தூவினால் மூன்றாம் நாள் முளை தெரியும், அடுத்த முறை வரும்போதே பச்சை. முளைக்கீரை, சிறுகீரை இருபத்தைந்து நாளில் பிடுங்கலாம். அரைக்கீரை கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும், கிள்ளுவது எல்லோருக்கும் பழகின வேலை. சந்தையில் வாங்கிய புதினாக் கட்டின் தண்டையே ஊன்றலாம். கற்பூரவல்லியும் அப்படித்தான், தலைகீழாக ஊன்றாத வரை தழைக்கும். கொத்தமல்லி முளைக்கப் பத்து நாள் ஆகும், கோடையில் வராது. அதை ஐப்பசிக்குப் பிறகு வையுங்கள்.

பூவில் செண்டுமல்லியும் கனகாம்பரமும். வயதான கண்ணுக்கு நீலமும் ஊதாவும் மங்கிவிடும், மஞ்சளும் ஆரஞ்சும் நன்றாகத் தெரியும். கனகாம்பரத்தின் காய்ந்த காயை நனைத்தால் பட்டென்று வெடிக்கும். பிள்ளைகளையும் பெரியவர்களையும் ஒரே இடத்தில் உட்கார வைக்க இதைவிட நல்ல வேலை எனக்குத் தெரியாது.

மணத்துக்கு மரிக்கொழுந்து, மரு, துளசி வைக்கிறோம். ஆனால் ஒன்று. அல்சைமர் வகை மறதியில் மோப்பம் ஆரம்பத்திலேயே குறைந்துவிடும். "வாசனை பாருங்க, எப்படி இருக்கு?" என்று மூக்கில் நீட்டி, அவர் முழிப்பதைப் பார்த்துக் கூடியிருப்பவர்கள் சங்கடப்படுவது அடிக்கடி நடக்கும். இலையைக் கையில் கொடுங்கள். சொரசொரப்போ வழுவழுப்போ, கசக்கிப் பார்க்கட்டும். மணம் தெரிந்தால் முகமே சொல்லும்.

ஆடிப் பட்டத்தில் ஒரு மேடை நிலக்கடலைக்கு. பத்துப் பதினைந்து செடி போதும். மூன்றரை மாதம் கழித்துப் பிடுங்கும் அன்று மண்ணோடு வரும் கொத்தை உதறி, முறத்தில் போட்டு, வட்டமாக உட்கார்ந்து காய் ஆய்ந்தோம். அன்று வரை ஒரு வார்த்தை பேசாத ஆயா ஒருவர், பக்கத்திலிருந்த சிறுமியிடம் "பொக்கை இல்லாமப் பாத்து எடு கண்ணு" என்றார். அதனால் சொல்கிறேன், நடுவதைவிட அறுவடைக்குப் பிந்திய வேலையே இவர்களுக்கு அதிகம் பொருந்தும். கீரை ஆய்வது, கடலை உரிப்பது, அவரை நாருரிப்பது, வாழைநாரில் பூக்கட்டுவது. விளைச்சல் குறைந்தால் கவலைப்படாதீர்கள், உழவர் சந்தையில் இரண்டு கட்டுக் கீரை வாங்கி வந்து ஆயலாம். விழுங்கச் சிரமப்படுகிறவர் கைக்குக் கடலை போகும்போது மட்டும் பக்கத்திலேயே இருங்கள்.

9. ஒரு காலையின் வரிசை

அதே கிழமை, அதே நேரம், அதே வரிசை. தேதி தெரியாதவருக்கும் உடம்பு வரிசையைப் பிடித்துக்கொள்ளும். ஏழு மணிக்கு என்று ஆரம்பித்துப் பார்த்தோம். குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, இன்சுலின் போட்டுக் கூட்டி வர யாராலும் முடியவில்லை. எட்டரை சரியாக வந்தது. சாப்பிடாமல் யாரும் வரக் கூடாது, சர்க்கரை இறங்கிவிடும். சாயங்காலம் வேண்டவே வேண்டாம். பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பம் கூடும், வீட்டிலேயே இருந்தாலும் "வீட்டுக்குப் போகணும்" என்பார்கள்.

வந்ததும் தொப்பியோ துண்டோ, காலில் மூடிய செருப்பு, ஒரு டம்ளர் தண்ணீர். தாகம் சொல்லத் தெரியாது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். பாதையில் ஒரு சுற்று நடை, அதோடு தலையை எண்ணிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேலை, இருபது நிமிடம். மறுபடி தண்ணீர் அல்லது மோர். அப்புறம் உட்கார்ந்து செய்யும் வேலையும் பேச்சும் பாட்டும். கை கழுவல். போகும்போது கையில் ஒரு பிடி கீரையோ இரண்டு முழம் பூவோ. வீட்டில் போய்க் கொடுக்க அவரிடம் ஒரு பொருள் இருக்கும். "இன்னைக்கு உங்க கீரைதான்" என்று மதியம் சொல்ல வீட்டாருக்கும் ஒரு பேச்சு கிடைக்கும். மாதம் ஒருமுறை எங்கள் ஊர்த் தின்பண்டமான தட்டுவடை செட் வாங்கிக் கொடுப்போம், அன்று யாரும் விடுப்பு எடுப்பதில்லை.

10. எப்படிப் பேசுவது

"என்னை ஞாபகம் இருக்கா?", "இது என்ன செடி சொல்லுங்க?" இந்த இரண்டையும் விட்டுவிடுங்கள். தெரியாமல் போனால் அவமானம். "நான் பக்கத்து வீட்டுப் பொண்ணுங்க, கீரை கிள்ள வந்தேன்" என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு நேரத்தில் ஒரு சொல். "குழி தோண்டி, விதை போட்டு, மூடிட்டுத் தண்ணி விடுங்க" என்றால் எதுவும் நடக்காது. விதையை உள்ளங்கையில் வைத்து, "இதுல போடுங்க". முடிந்ததும் சொம்பைக் கொடுங்கள். புரியாவிட்டால் அவர் கைக்கு அடியில் உங்கள் கையை வைத்துச் சேர்ந்து செய்யுங்கள். மேலிருந்து பிடித்தால் உதறுவார்கள்.

களைக்குப் பதில் நாற்றைப் பிடுங்கிவிட்டால் "ஐயோ" என்று கத்தாதீர்கள். மறுபடி நட்டுக்கொள்ளலாம். எப்போதும் பத்து நாற்றைக் கூடுதலாக வைத்திருங்கள். அவர் போன பிறகு, அவர் செய்ததை அவர் கண்முன் அல்லாமல் சரிசெய்யுங்கள். இறந்துபோன கணவரைத் தேடுகிறாரா? "அவர் போய்ச் சேர்ந்துட்டாரே" என்று ஒவ்வொரு முறையும் சொன்னால் ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. "அவருக்கு என்ன கீரை பிடிக்கும்?" என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தானே நகரும்.

11. கோடை, மழை, மலை

சித்திரை, வைகாசியில் நேரத்தைப் பாதியாகக் குறையுங்கள். வேலை முழுக்க நிழலில், பூக்கட்டுவதும் விதை பிரிப்பதும்தான். யாராவது வியர்க்காமல் சிவந்து, வழக்கத்தைவிடக் குழம்பினால் அது மறதி என்று விட்டுவிடாதீர்கள். வெயில் தாக்கமாக இருக்கலாம். நிழலில் படுக்க வைத்து, ஈரத்துணி போட்டு விசிறி, உடனே 108ஐக் கூப்பிடுங்கள். மழைக் காலத்தில் பாதையில் பாசி பிடிக்கும், தேய்த்துக் கழுவின பிறகே கூடுங்கள். மட்டை, ஓலைக் குவியலைக் கையால் கிளறாதீர்கள், தேள் இருக்கும்.

ஏற்காட்டில் செய்கிறவர்களுக்குக் கணக்கே வேறு. அங்கே பனி விலகிப் பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்க முடியும், நிழலைவிட வெயில் விழும் இடத்தைத் தேட வேண்டும். சரிவில் சுற்றுப்பாதை போட முயலாதீர்கள். ஒரே ஒரு சமதளத்தைத் தேர்ந்தெடுத்து, சின்னதாக இருந்தாலும் அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்துப் பழகிய கைகள் அங்கே நிறைய உண்டு, பழுத்ததையும் காயையும் பிரித்துக் கொடுக்கும் வேலையை அவர்களிடம் விடுங்கள். குரங்குக்கு பயந்து தின்பண்டத்தைத் திறந்து வைக்காதீர்கள்.

12. ஒருவர் வர முடியாமல் போகும்போது

இது நடக்கும், முதல் நாளிலிருந்தே தயாராக இருங்கள். முதலில் வேலை செய்ய முடியாமல் போகும். அப்போது நாற்காலியை மேடைக்குப் பக்கத்தில் போட்டு, மற்றவர்கள் வேலை செய்வதைப் பார்க்க விடுங்கள், மடியில் ஒரு கொத்துக் கீரை இருக்கட்டும். ஆய்ந்தாலும் சரி, பிடித்துக்கொண்டே இருந்தாலும் சரி. அப்புறம் ஒரு நாள் தெருவுக்கே வர முடியாது.

என் மாமியார் படுக்கையில் விழுந்த பிறகு, ஒவ்வொரு கூடும் நாளும் யாராவது ஒருவர் மரிக்கொழுந்து ஒரு கொத்து கொண்டு வந்து கையில் கொடுப்பார். தொட்டுப் பார்த்து, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். இப்போது எங்கள் அட்டைகளில் கடைசியாக ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: வர முடியாத நாளில் இவர் வீட்டுக்கு என்ன கொண்டுபோவது? சேரும் அன்றே, அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.